பங்கேற்பாளரா, பங்காளியா?

'மக்கள் பங்கேற்பு' என்ற இரண்டு சொற்களை என் உத்தியோக காலத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் பேனாவால், பிறகு தட்டச்சில், கடைசி சில வருடங்கள் கம்ப்யூட்டரில். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் பேப்பரைப் பிரித்தால் அதே இரண்டு சொற்கள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கின்றன. காட்டைக் காக்க மக்கள் பங்கேற்பு, ஏரியைக் காக்க மக்கள் பங்கேற்பு, யானையைக் காக்கவும் மக்கள் பங்கேற்பு. நம் தர்மபுரி மாவட்டத்தில் இந்தப் பங்கேற்பு என்ன லட்சணத்தில் நடக்கிறது என்று ஒரு பழைய குமாஸ்தாவின் கண்ணால் பார்த்து எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். "பி.பி. மாத்திரை போட்டுவிட்டு உட்காருங்கள்" என்று வீட்டில் உத்தரவு. போட்டாயிற்று.

குமாஸ்தாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு குழு அமைக்கும் ஆணை வந்தால் அதன் நோக்கம், குறிக்கோள் என்று எழுதியிருக்கும் முதல் பக்கத்தைப் படிக்க மாட்டோம். அது எல்லா ஆணையிலும் ஒன்றுதான். நேராக உள்ளே போய்ப் பார்ப்போம். கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு? தீர்மானப் புத்தகம் யார் பீரோவில் இருக்கும்? காசோலையில் யார் கையெழுத்து? 'வேண்டாம்' என்று ஊர் சொன்னால் அந்தக் காரியம் நிற்குமா? இந்த நாலும் தெரிந்துவிட்டால் அந்தக் குழு யாருடையது என்று தெரிந்துவிடும். மற்றதெல்லாம் அலங்காரம்.

காட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1988ல் மத்திய அரசு புதிய தேசிய வனக் கொள்கையை வெளியிட்டது. காட்டை ஒட்டி வாழும் பழங்குடி மக்களின் விறகு, தீவனம், சிறு வனப் பொருள் தேவைக்கே காட்டு விளைச்சலில் முதல் உரிமை என்று அதில் எழுதியிருந்தார்கள். நல்ல வாசகம். அதை ஒட்டி 1990 ஜூன் 1ஆம் தேதி டெல்லியிலிருந்து எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. சிதைந்த காடுகளை ஊர் மக்களோடு சேர்ந்து மீட்டெடுங்கள், விளைவதில் அவர்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று. கூட்டு வன மேலாண்மை என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் அது பெரிய அளவில் இறங்கியது 1997ல், ஜப்பான் கடனில் வந்த காடு வளர்ப்புத் திட்டத்தோடு. காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று உறுப்பினர் சேர்த்தார்கள். தலைவர் ஊர்க்காரர். உறுப்பினர் செயலர் நாற்காலி மட்டும் வனத்துறைக்கு.

அந்த ஒரு நாற்காலியில்தான் எல்லாம் இருக்கிறது. தலைவர் என்பவர் மாலை போட்டுக்கொள்ள. செயலர் என்பவர் எழுத. எழுதுகிறவன் கை எப்படிப்பட்டது என்று எழுதிப் பிழைத்த என்னிடம் கேளுங்கள்!

அந்தத் திட்டத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தடுப்பணைகள் கட்டினார்கள், கசிவுநீர்க் குட்டைகள் வெட்டினார்கள், கறவை மாட்டுக்குச் சிறுகடன் கொடுத்தார்கள். மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கிணற்றில் தண்ணீர் ஓரடி ஏறினாலும் அது பெரிய விஷயம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குட்டை வெட்டக் கூலிக்குப் போனதையும், கன்று நடக் கூலிக்குப் போனதையும் 'பங்கேற்பு' என்று எழுதினால், தாலுகா ஆபீசுக்கு வெள்ளையடித்தவரும் வருவாய் நிர்வாகத்தில் பங்கேற்றவர்தான். காடு எந்த மரத்துக்கு, எந்த இடத்தில் மாடு போகலாம், எந்த வருடம் புல் அறுக்கலாம் என்ற முடிவு ஊருக்கு வரவில்லை. நிதி தீர்ந்த பிறகு எத்தனை குழு தானாகக் கூடுகிறது என்று உங்கள் பக்கத்துக் காட்டோர ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், எந்தத் துறையின் திட்டம் என்பதும் வேண்டாம், அந்த வருடங்களில் எல்லாத் துறையிலும் இதே கதைதான். தாலுகா ஆபீசிலிருந்து பிரதிநிதியாக என்னை அனுப்பியிருந்தார்கள். மலையடிவார ஊர், மாரியம்மன் கோவில் மேடை. நான் போய்ச் சேர்ந்தபோதே வருகைப் பதிவேடு சுற்றிக்கொண்டிருந்தது. கையெழுத்து போடத் தெரியாதவர்களுக்கு இங்க் பேட். பதிவேடு நிறைந்ததும் டைப் செய்த தீர்மானம் பையிலிருந்து வெளியே வந்தது. கூட்டம் கூடுவதற்கு முன்பே 'விரிவாக விவாதித்து ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று அதில் அச்சாகியிருந்தது. ஒரு பாட்டி மட்டும், "சாமி, அந்த மேட்டுல கன்னு நட்டா எங்க ஆடு எங்க போவும்?" என்று கேட்டார். "அதெல்லாம் அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம் பாட்டி" என்றார்கள். டீ வந்தது, பன் வந்தது. அடுத்த கூட்டம் நான் இருந்தவரை வரவில்லை. கோப்பில் அந்தக் கூட்டம் ரொம்ப அழகாக இருக்கும். கோப்பு மட்டும் படிக்கிற ஒருவர், உலகத்திலேயே ஜனநாயகம் தழைத்த இடம் அந்த மாரியம்மன் கோவில் மேடைதான் என்று நம்பிவிடுவார்.

இந்தத் தளத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். தாய்மாமன் தயவில் தர்மபுரிக்கு வந்து, இங்கே வேலையில் சேர்ந்து, அரசாங்கத் தமிழ்த் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணி, இந்த மாவட்டத்தின் மண்ணிலேயே ஊறியவன். ஆபீசில் கடைசிவரை 'பிரெஞ்சுக்காரர்' என்றுதான் பெயர். அந்தப் படிப்பு உத்தியோகத்தில் எதற்கும் உதவவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் உதவுகிறது, ஏனென்றால் நம் காட்டுச் சட்டத்துக்கு ஒரு பிரெஞ்சுத் தாத்தா உண்டு.

பிரான்சில் நான்சி என்ற ஊரில் 1824ல் வனவியல் பள்ளி ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1827ல், நாட்டுக்கே ஒரு வனச் சட்டம். காட்டில் ஆடு மாடு மேய்ப்பது, விறகு எடுப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாக நடந்த மலைநாட்டு ஜனங்களுக்கு ஒரே நாளில் அது குற்றமானது. பிரனே மலையில் ஆரியேழ் என்ற பகுதியில் 1829லிருந்து 1832 வரை பெரிய கலகம். குடியானவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, நீண்ட வெள்ளைச் சட்டையைப் பெண்கள் உடை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு ராத்திரியில் வனக்காவலர்களை விரட்டினார்கள். 'கன்னிப் பெண்களின் யுத்தம்' என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். மீசை வைத்த கன்னிப் பெண்கள்! பாரிஸ் அரசாங்கம் பட்டாளம் அனுப்பியும் பார்த்தது, கடைசியில் கொஞ்சம் இறங்கியும் வந்தது.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். 1867 முதல் இந்திய வனத்துறைக்குத் தேர்வான ஆங்கிலேய இளைஞர்களைப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கும் அந்த நான்சி பள்ளிக்கும்தான் அனுப்பினார்கள், அப்போது இங்கிலாந்தில் அப்படி ஒரு பள்ளி இல்லை. காடு அரசாங்கத்தின் தோட்டம், ஜனங்கள் அதில் புகுந்த ஆடு என்ற பாடத்தை அங்கேதான் படித்துவிட்டு வந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அன்று இதை எதிர்த்து எழுதியது நம்முடைய மெட்ராஸ் வருவாய் வாரியம். 1871ல் அது அரசுக்கு எழுதிய குறிப்பின் சாரம்: இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை, ஜனங்கள் அனுபவிக்காத காடும் இல்லை, இதை அரசாங்கச் சொத்து என்று எப்படிச் சொல்வது? வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு மார்பு ஒரு அங்குலம் விரிந்தது. பத்து வருடத்துக்கு மேல் வாதம் நடந்தது. வாரியம் தோற்றது. 1882ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று அறிவித்தால், கெடுவுக்குள் எழுதிக் கொடுக்காத உரிமை செத்துவிடும். சித்தேரி மலையிலும் ஒகேனக்கல் காட்டிலும் இருந்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்குக் கெசட் படித்திருப்பார்கள்? அந்தச் சட்டம் பெயர் மட்டும் தமிழ்நாடு என்று மாறி இன்றும் நடப்பில் இருக்கிறது.

பிரான்சோ அதற்குப் பிறகு வேறு வழியில் போனது. இன்று அந்த நாட்டுக் காட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஊராட்சிகளின் சொத்து. மரம் வெட்டும் திட்டத்தைத் தேசிய வன அலுவலகம் போடுகிறது, ஒழுங்கும் அதுதான் பார்க்கிறது. ஆனால் நிலம் ஊருடையது, விற்ற பணம் ஊர்க் கஜானாவுக்கு, ஊர் மன்றம் வைத்திருந்தால் குடும்பங்களுக்குக் குளிர்கால விறகு. 'அஃபுவாழ்' என்று அந்த விறகுப் பங்குக்குப் பெயர். நமக்குச் சட்டத்தைக் கொடுத்தவர்கள் அதன் விஷத்தை அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டார்கள். நாம் இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

'பங்கேற்பாளர்' என்று நாம் எழுதுகிற சொல் ஆபீஸ் தமிழ். நம் ஊர்த் தமிழில் அதற்கு ஒரு சொல் உண்டு, பங்காளி. பங்காளி என்றால் யார்? நிலத்தில் பாகம் உள்ளவன். அவனைக் கேட்காமல் விற்க முடியாது. விற்றால் கோர்ட்டுக்குப் போவான். பங்காளிச் சண்டை என்று சும்மாவா சொல்கிறோம்? ஆபீஸ் பங்கேற்பாளரோடு யாருக்கும் சண்டை வராது, ஏனென்றால் அவருக்குப் பாகமே இல்லை.

பாகம் இல்லாத ஜனங்களோடு அரசாங்கம் காட்டில் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு நம் மாவட்டத்தில் ஒரு ஊர் சாட்சி. வாச்சாத்தி. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம், மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர். 1992 ஜூன் 20. கடத்தல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போனவர்கள் அங்கே செய்ததை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்கெல்லாம் தெரியும், தெரியாதது மாதிரி இருந்தவர்களுக்கும் தெரியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். சி.பி.ஐ. விசாரணைக்குப் பிறகு 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 155 பேர் வனத்துறை, 108 பேர் போலீஸ், 6 பேர் வருவாய்த் துறை. வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023ல் அதே செப்டம்பர் 29ல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த 6 என்ற எண்ணை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். வனத்துறையை மட்டும் திட்டிவிட்டு வருவாய்த் துறைக்காரன் கை கழுவிக்கொள்ள முடியாது.

தேதிகளைக் கவனியுங்கள். ஜனங்களைப் பங்காளி ஆக்குங்கள் என்று டெல்லி எழுதியது 1990 ஜூன். வாச்சாத்தி 1992 ஜூன். அதிலிருந்து ஐந்து வருடத்தில், ஜப்பான் பணத்தோடு, அதே சீருடை மலையடிவார ஊர்களுக்கு வந்து 'குழு ஆரம்பிக்கலாம், வாருங்கள்' என்கிறது. அந்தக் குழுவில் உட்கார்ந்து ஒரு மலையாளிப் பெண் "வேண்டாம்" என்று சொல்வாள் என்று எதிர்பார்க்கிறீர்களா? பயத்தின் மேல் கூட்டாண்மை கட்ட முடியாது. உரிமை எழுத்தில் இருந்தால்தான் பயம் போகும்.

அந்த எழுத்து 2006ல் வந்தது. வன உரிமைச் சட்டம். நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2007 கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. இதைப் பற்றிப் பேசினாலே 'அது பழங்குடிக்குப் பட்டா கொடுக்கிற சட்டம்தானே' என்கிறார்கள். தனிப் பட்டா அதில் ஒரு பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஒரு ஊர் வழக்கமாகப் பாதுகாத்து வந்த காட்டை, தொடர்ந்து பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் அந்த ஊருக்கே உரிமை என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரம் கிராம சபைக்கு. வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் கிராம சபைதான். செயலர் நாற்காலியும் ஊர்க்காரருக்கே. சபையில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். குமாஸ்தாவின் நாலு கேள்வியிலும் தேறுகிற சட்டம் இது. முப்பத்தைந்து வருடத்தில் இப்படி இன்னொன்றைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இருபது வருடம் ஆகப் போகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் கொடுக்கக் கூடாது என்று 2008ல் ஒரு இடைக்கால உத்தரவு வந்தது, 2016ல்தான் உச்ச நீதிமன்றத்தில் அது விலகியது. எட்டு வருடம் அதில் போயிற்று, சரி. அதற்குப் பிறகு என்ன தடை? மனு கிராம சபையிலிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கு வர வேண்டும். அதற்குத் தலைவர் வருவாய்க் கோட்டாட்சியர். அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கு. அதற்குத் தலைவர் கலெக்டர். பாருங்கள், 1871ல் ஜனங்களுக்காக எழுதித் தோற்ற துறையின் கையிலேயே 2006ல் சட்டம் பேனாவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பேனா மூடி திறக்காமல் கிடக்கிறது. தனி நபர் பட்டா கொடுத்த போட்டோ அவ்வப்போது பேப்பரில் வருகிறது. ஊருக்குக் காடு கொடுத்த போட்டோவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டம், மேந்தா லேகா என்ற சின்னஞ்சிறு கோண்டு கிராமம். 2009ல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கியது. மூங்கிலை வெட்டி விற்கலாம், ஆனால் லாரியில் ஏற்றப் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டுமே, அந்தப் புத்தகம் வனத்துறையிடம்தானே இருக்கிறது? இரண்டு வருடம் இழுபறி. 2011ல் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய், அந்தச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. உரிமை என்றால் இதுதான், ஒரு ரசீதுப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது. மேடைப் பேச்சுக்காரர்களுக்கு இது புரியாது. ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

இனி நம் மாடுகளுக்கு வருகிறேன். ஆலம்பாடி மாடு. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே கருஞ்சாம்பல் நிறமும், முன்தள்ளிய நெற்றியும், பின்னால் வளைந்த கொம்பும் கண்ணில் நிற்கும். பென்னாகரம் பக்கம் காவிரிக் காட்டோரம் பட்டி போட்டு மேய்ப்பார்கள். பகலில் காடு, ராத்திரி பட்டி. பட்டிச் சாணத்தை எருவாக விற்பதே ஒரு வருமானம். இப்போது இந்த இனம் அருகிவிட்டது என்று கவலைப்பட்டு, நம் மாவட்டத்திலேயே ஆலம்பாடி இன ஆராய்ச்சி மையம் ஒன்றைக் கால்நடைப் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் 2022 மார்ச்சில் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சல் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் நவம்பரில், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டக் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மாட்டைக் காக்க ஒரு கட்டடம், மாடு மேய்ந்த காட்டுக்கு ஒரு பூட்டு. நாளைக்கு ஆலம்பாடி மாட்டைப் பார்க்க வேண்டும் என்றால் பேரப்பிள்ளைகளை மையத்துக்குத்தான் கூட்டிப்போக வேண்டும், மிருகக்காட்சி சாலைக்குப் போகிற மாதிரி.

யானைக்கு இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யானை காவிரியைத் தாண்டி வருவது நேற்று ஆரம்பித்ததல்ல, மாடும் நேற்று காட்டுக்குள் போனதல்ல. எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் யானை வரும் என்று பட்டிக்காரனுக்குத் தெரியும். அந்த மாதத்தில் அங்கே மாட்டை விடாமல் இருக்கவும் அவனுக்குத் தெரியும், உயிர் அவனுடையது. சரணாலயத்துக்குள்ளும் வன உரிமைச் சட்டம் செல்லும், மேய்ச்சலையும் அந்தச் சட்டம் உரிமை என்றே பட்டியலிடுகிறது. அந்த உரிமையை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு பட்டிக்காரர்களோடு உட்கார்ந்து எந்த இடத்தை யானைக்கு விடுவது என்று பேசியிருந்தால் அதற்குப் பெயர் கூட்டாண்மை.

'ஜனங்களிடம் விட்டால் காட்டை மொட்டையடித்துவிடுவார்கள்' என்று என் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் தினமும் சொல்வார். 1882லிருந்து காடு ஜனங்களிடம் இல்லை ஐயா. சந்தனம் போனது யாருடைய காவலில்? இப்போது காட்டைத் தின்றுகொண்டிருக்கும் உண்ணிச்செடி எந்தக் குடியானவன் கொண்டு வந்தது? வெள்ளைக்காரத் துரைமார் பங்களாத் தோட்டத்தில் அழகுக்கு வைத்தது அது.

அவர் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கிராம சபையும் சொர்க்கமில்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடுகிற நம் சபைகளில் யார் பேசுவார்கள், யார் ஓரமாக நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சாதியும் பணமும் நூறு நாள் வேலை அட்டையும் சேர்ந்து கையெழுத்து வாங்கிவிடும். பெரிய பஞ்சாயத்தில் மலைமேல் இருக்கிற சிற்றூரின் குரல் கீழே கேட்காது. அதனால்தான் சட்டத்தின் விதிகளில் குக்கிராமங்களைப் பட்டியலிட்டு அவற்றுக்கென்று சபை கூட்டவும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள் முதலில்.

ஏரிக் கதையும் ஏறக்குறைய இதுதான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும். ஒன்று மட்டும். குடிமராமத்து என்ற அழகான சொல்லை 2017ல் அரசு தூசி தட்டி எடுத்தது. ஊர் கூடி ஏரியைத் தூர்வாரிய அந்தப் பழைய வழக்கத்தை 1858ல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டமாக மாற்றினான். மடையைத் திறக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு மண்வெட்டியை மட்டும் விட்டுவைத்தால், எந்த ஊரும் ஏரியைத் தன்னுடையது என்று நினைக்காது.

மாற்று இல்லையா என்றால், நம் மாவட்டத்திலேயே சிட்டிலிங்கி இருக்கிறது. 1993ல் ஒரு டாக்டர் தம்பதி அங்கே குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். பழங்குடிப் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். பிறகு அங்குள்ள விவசாயிகள் தங்களுக்கென்று இயற்கை விவசாயச் சங்கம் வைத்து, சாமையும் தினையும் மஞ்சளும் தாங்களே விற்கிறார்கள். அங்கே போனால் நான் பார்ப்பது கணக்கு நோட்டைத்தான். அது அந்த மக்கள் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் கூட நின்றார்கள், செயலர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாகக் குழு வேண்டாம், புதிதாகக் கடன் வேண்டாம், பயிற்சிப் பட்டறை, பை, பேட்ஜ் எதுவும் வேண்டாம். தர்மபுரி, அரூர் இரண்டு கோட்டாட்சியர் அலுவலகங்களிலும் சமூக வன உரிமைக்கு எத்தனை மனு வந்தது, எத்தனை நிலுவை, எந்த மேசையில் என்று அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு முறை ஒட்டுங்கள். ஒரு தாள், ஒரு டப்பா பசை. உரிமை எழுதிய பிறகு வனத்துறை ஆலோசகராக வரட்டும், கன்று கொடுக்கட்டும், தீத்தடுப்புக் கோடு போடக் கற்றுக்கொடுக்கட்டும். அப்போது 'மக்கள் பங்கேற்பு' என்று எழுதினால் நானே சுத்தப் பிரதி எடுத்துத் தருகிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழங்குடி அல்லாத, காட்டை நம்பிய மற்ற குடும்பங்கள் இந்தச் சட்டத்தில் உரிமை கேட்க வேண்டுமானால், 2005 டிசம்பருக்கு முந்திய மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே இருந்ததற்குச் சாட்சியம் காட்ட வேண்டும். 1930க்கு யாரிடம் ரசீது இருக்கிறது? விதிகள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. மனு போடாத பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிவான வாக்குமூலம் ஒரு சாட்சியம். சுடுகாடு, கோவில், கிணறு, பழைய தடம் எல்லாமும் சாட்சியம். உங்கள் தாத்தா எந்த வழியாக மாடு ஓட்டிப் போனார், எந்தப் பாறையில் பொங்கல் வைத்தார்கள், கடுக்காயும் சீமாறும் எந்தச் சரிவில் எடுத்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குப் பிறகு தெரிந்தவர்கள் இல்லை.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லத் தயார் என்றால் எனக்குத் தெரிவியுங்கள். பஸ் ஏறி வருகிறேன். எழுத எனக்குத் தெரியும், கையெழுத்தும் இன்னும் நடுங்கவில்லை. பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர், பிறகு நீங்கள் சொல்லச் சொல்ல. படித்துக் காட்டி, சரி என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கையெழுத்து. தாள் என் செலவு.